பையின் வாய்

ராத்திரி ஒன்றரை மணி இருக்கும். தூங்குகிறார் என்று நான் நினைத்திருந்த அப்பாரு கண்ணைத் திறந்து, தலைக்கு மேல் தொங்கிய ரத்தப் பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஏங் கண்ணு, இது கவலைச் சாலாட்டமே இருக்குதே."

ஈரோட்டில் ஒரு மருத்துவமனை. தோட்டத்தில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, அறுவை முடிந்து இரண்டாவது நாள். அவருக்கு 84 வயது. ரத்தம் குறைவாக இருக்கிறது, ஒரு யூனிட் ஏற்றியே ஆகணும் என்று சொல்லிவிட்டார்கள். ஸ்டாண்டில் இரண்டு கொக்கிகள். ஒன்றில் முடிந்துபோன சலைன் பாட்டில், இன்னொன்றில் ரத்தப் பை. பாட்டிலின் தலையில் ஒரு ஊசி குத்தி நின்றது. பையில் அப்படி எதுவும் இல்லை.

மருத்துவமனையில் துணைக்கு இருக்கும் எல்லோருக்கும் உள்ள பயம் எனக்கும் உண்டு. காத்து ஏறிடுமோ? நர்ஸ் வந்தபோது கேட்டேன். "சிஸ்டர், பாட்டில்ல ஊசி குத்தியிருந்தீங்க. இதுல குத்தலையே, மறந்துட்டீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. ராத்திரிக்கு இருபது பேராவது இதைக் கேட்பார்கள் போல. "அது பாட்டில்ண்ணா. காத்து உள்ள போனாத்தான் தண்ணி இறங்கும். இது பை. இறங்க இறங்க தானாச் சுருங்கிக்கும். இதுல காத்தே போகக் கூடாது."

அவர் போனபின் அந்தப் பதிலையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு பல நாள் தேடிப் படித்ததில் தெரிந்தது, அவர் அரை நிமிஷத்தில் சொன்ன விஷயத்தைக் கண்டுபிடிக்க மனுஷனுக்குச் சில ஆயிரம் வருஷம் ஆகியிருக்கிறது.

*

வீட்டில் 15 கிலோ எண்ணெய் டின்னை உடைத்திருக்கிறீர்களா? ஒரு மூலையில் ஓட்டை போட்டால் போதாது. எதிர் மூலையிலும் ஒன்று போடணும். போடாவிட்டால் எண்ணெய் விக்கி விக்கி வரும், குடக் குடக் என்று சத்தம் போடும். டின்னுக்குள் காற்று நுழையும் சத்தம் அது. கெட்டியான பாத்திரம் எதுவும் வாங்காமல் கொடுக்காது. ஒரு டம்ளர் எண்ணெய் வெளியே போனால், ஒரு டம்ளர் காற்று உள்ளே வந்தாக வேண்டும்.

பை அப்படியில்லை. வெளிக்காற்று பையை நாலு பக்கமும் அமுக்குகிறது. உள்ளே எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு அது ஒடுங்கிக்கொள்கிறது. காலி இடம் என்பதே உருவாவதில்லை. அதனால் பையின் வாய் ஒருவழி வாயாக இருக்கலாம். கொடுக்க மட்டும் செய்யும், எதையும் திருப்பி எடுத்துக்கொள்ளாது.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் பாட்டிலுக்குக் கழுத்து இருக்கிறது, மரை இருக்கிறது, மூடியை எங்கே திருகுவது என்ற கேள்வியே இல்லை. தொளதொளவென்று இருக்கும் பையில் வாயை எங்கே பொருத்துவது? மெதுவான பொருளும் கெட்டியான பொருளும் சேரும் இடத்தில்தான் ஒழுகும். பையின் வரலாறு என்பது உண்மையில் அந்த ஓர் அங்குல இடத்தின் வரலாறு.

*

முதலில் வந்தது தோல். ஆட்டை உரித்து, கால்களைக் கட்டி, கழுத்தை வாயாக விட்டுவிட்டால் பை தயார். தமிழ் பைபிளில் இதற்குத் துருத்தி என்று பெயர். புளிக்கிற புதுத் திராட்சரசம் வாயு விடும், பழைய தோல் இழுபடாமல் வெடிக்கும் என்ற நடைமுறை அறிவிலிருந்துதான் அந்தப் புகழ்பெற்ற உவமை பிறந்தது.

தோல்பைக்கு அடைப்பான் என்று தனியாக ஒன்று கிடையாது. கயிறுதான் அடைப்பான், இல்லாவிட்டால் கை. வட இந்தியாவில் தண்ணீர் சுமந்த பிஸ்திகள் தங்கள் மஷக்கின் கழுத்தை ஒரு கையால் இறுக்கிப் பிடித்திருப்பார்கள். பிடியைத் தளர்த்தினால் தண்ணீர், இறுக்கினால் நிற்கும். 1539-இல் சௌசா போரில் தோற்று ஓடிய ஹுமாயூன் கங்கையில் மூழ்கப்போனபோது, ஒரு பிஸ்தி காற்று நிரப்பிய தன் தோல்பையைக் கொடுத்துக் காப்பாற்றினான். நன்றிக்கடனாக அவனைக் கொஞ்ச காலம் அரியணையில் உட்கார வைத்தார்கள் என்று வரலாறு சொல்கிறது. கவனித்தால், அன்று அந்த வாய் தண்ணீருக்குப் பதில் காற்றை அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. கயிறு கட்டிய வாய்க்கு எது உள்ளே, எது வெளியே என்று பேதமில்லை. யார் அவிழ்க்கிறார்கள் என்பதுதான் கணக்கு.

ஹோமரின் ஒடிஸியில் வருவதும் இதே சங்கதிதான். காற்றுகளை மாட்டுத்தோல் பையில் அடைத்து, வெள்ளிக் கயிற்றால் வாயைக் கட்டி ஒடிஸியஸிடம் கொடுக்கிறான் ஏயோலஸ். சொந்த ஊர் கண்ணுக்குத் தெரியும் தூரம். ஒடிஸியஸ் அசந்து தூங்கிவிடுகிறான். உள்ளே பொன்னும் வெள்ளியும் இருக்கிறது என்று நினைத்துக் கூட்டாளிகள் முடிச்சை அவிழ்க்கிறார்கள். கப்பல் மறுபடி நடுக்கடலுக்கு.

ஸ்பெயின்காரர்கள் ஒரு படி மேலே போனார்கள். போத்தா என்ற அவர்களுடைய சிறிய ஒயின் பையில் கொம்பாலோ மரத்தாலோ செய்த ஒரு முனையைப் பொருத்தினார்கள். பையை அமுக்கினால் மெல்லிய தாரையாக வாயில் விழும். மெத்தென்ற பையில் கெட்டியான வாய். ஆனால் கையை எடுத்ததும் அது காற்றை உறிஞ்சிக்கொள்ளும்.

*

அப்பாரு சொன்ன கவலைக்கு வருகிறேன். எங்கள் கொங்குப் பக்கம் கவலை, மதுரைக்குத் தெற்கே கமலை. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கிணற்றில் இறங்கும் சாலின் அடியில், யானையின் தும்பிக்கை மாதிரி நீளமான ஒரு தோல் குழாய் இருக்கும். அதன் பெயர் வால். சாலைத் தூக்குவது வடம் என்கிற பெரிய கயிறு. வாலின் நுனியைப் பிடித்திருப்பது வால்கயிறு. இரண்டையும் மாடுகள்தான் இழுக்கும், சரிவில் இறங்கி நடந்தபடி.

சால் மேலே ஏறும்போது வாலின் நுனி சாலின் வாய் மட்டத்துக்கு மடங்கி நிமிர்ந்து நிற்கும். அதனால் சொட்டு நீர் ஒழுகாது. சால் கிணற்றுக்கு மேலே வந்ததும், தாழ்வாக இருக்கும் உருளை வழியாக வால்கயிறு வாலைத் தொட்டிக்குள் இழுத்துவிடும். நுனி தாழ்ந்ததும் மொத்தத் தண்ணீரும் தானாகக் கொட்டிவிடும். குனிந்து சாலைக் கவிழ்க்க ஆள் தேவையில்லை. இதில் அடைப்பான் எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. உயரம்தான் அடைப்பான். தண்ணீர் தன் மட்டத்தைவிட மேலே ஏறாது என்ற ஒரே விதியை வைத்துக்கொண்டு, திருகு இல்லாமல், மூடி இல்லாமல் ஒரு வாயைச் செய்திருக்கிறார்கள்.

செய்தவர்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். கொங்கு நாட்டில் சாலுக்கும் வாலுக்கும் தோல் பதப்படுத்தி, தைத்து, கிழிந்தால் ஒட்டுப்போட்டுக் கொடுத்தவர்கள் அருந்ததியர்கள். தோட்டத்துக்கு இன்னார் என்று குடும்பம் குடும்பமாகக் கட்டுப்பட்டிருந்தார்கள். அவர்கள் தைத்த வால் இல்லாமல் ஒரு வயலும் நனையாது. அந்தக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் மொள்ள அவர்களுக்கு அனுமதி இல்லை.

1930களில் பைக்காரா மின்சாரம் கோவைப் பக்கம் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு பம்ப்செட்டுகள் பெருகின. கவலைகள் ஒவ்வொன்றாக நின்றன. கூடவே தோல் வேலையும் போனது. அப்பாரு கவலை ஓட்டியது பதினைந்து, பதினாறு வயதில். அதாவது 1950களின் நடுவில்.

*

அதே 1955-இல் அமெரிக்காவில் வில்லியம் ஷோல் என்ற வேதியியலாளர் வேறொரு பையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவர் பைக்குள் போனது பேட்டரி ஆசிட். கண்ணாடிக் குடுவையில் அனுப்பினால் உடையும், உடைந்தால் ஆள் வெந்துபோவான். பிளாஸ்டிக் பையில் ஆசிட், பையைச் சுற்றி அட்டைப்பெட்டி. பெட்டி அடியைத் தாங்கும், பை திரவத்தைத் தாங்கும். இன்றைக்கு ஹோட்டல்களில் குளிர்பான இயந்திரத்துக்குக் கீழே இருக்கும் சிரப் பெட்டிக்கும் மூதாதை இதுதான்.

பிளாஸ்டிக் வந்ததும் அந்த ஓர் அங்குலப் பிரச்சினைக்கு ஒரு வழி பிறந்தது. தோலோடு கொம்பைச் சேர்க்கக் கட்டவோ தைக்கவோதான் முடியும். ஒரே வகை பிளாஸ்டிக் என்றால் உருக்கி ஒட்டிவிடலாம். அகலமான விளிம்பு வைத்த ஒரு வளையத்தைப் பையின் படலத்தோடு சூட்டில் ஒட்டினால் இரண்டும் ஒன்றாகிவிடும். வளையம் கெட்டி என்பதால் அதில் மூடியை மாட்டலாம், குழாயையும் மாட்டலாம்.

1965-இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ரென்மார்க் என்ற ஊரில் ஒயின் செய்துகொண்டிருந்த தாமஸ் அங்கோவ், மெக்கானிக்குகள் வைத்திருந்த இந்த ஆசிட் பெட்டியின் யோசனையை எடுத்து ஒயினுக்குக் காப்புரிமை வாங்கினார். ஒரு கேலன், அதாவது நாலரை லிட்டர் பை, அதைச் சுற்றி அட்டை. ஒயினுக்கு எதிரி காற்று. பாட்டிலைத் திறந்து சில நாள் வைத்தால் புளித்துப்போகும். பை சுருங்கும் என்பதால் தினம் ஒரு கிளாஸ் குடிப்பவருக்கு இது வரம்.

ஆனால் வாய்? அங்கோவின் முதல் வடிவத்தில் பையின் மூலையைக் கத்தரியால் வெட்டணும், ஊற்றணும், பிறகு ஒரு கிளிப்பைப் போட்டு மூடணும். நம்ம வீட்டில் ரவைப் பாக்கெட்டுக்குத் துணிக்கிளிப் போடுகிற மாதிரியேதான். கண்டுபிடிப்பு பிரமாதம், வாய் மட்டும் பழைய ஆட்டுத்தோல் காலத்தில் நின்றுவிட்டது.

1967-இல் சார்லஸ் மல்பாஸ் என்பவரும் பென்ஃபோல்ட்ஸ் ஒயின் நிறுவனமும் சேர்ந்து அதைச் சரிசெய்தார்கள். உலோகப் பூச்சுள்ள பையில் காற்றுப் புகாத பிளாஸ்டிக் குழாயை ஒட்டிவிட்டார்கள். திறந்தால் ஒயின் வரும், விட்டால் மூடிக்கொள்ளும், எந்த நேரத்திலும் காற்று உள்ளே போகாது. 1970களின் தொடக்கத்தில் டேவிட் வின் இந்தப் பெட்டியைப் பெரிய அளவில் சந்தைக்குக் கொண்டுபோனார். பெட்டி ஒயின் ஆஸ்திரேலிய வீடுகளின் சாதாரண விஷயமாகிவிட்டது.

இன்றும் அதைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் அங்கோவ் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். பை கண்ணுக்குத் தெரிகிறது, வாய் தெரிவதில்லை. ஆனால் மல்பாஸின் குழாய் இல்லையென்றால் அந்தப் பெட்டி ஒரு வேடிக்கைப் பொருளாகவே நின்றிருக்கும். அந்தக் குழாயும் முழுத் தீர்வு இல்லை. படலத்தின் வழியாகவும் குழாயின் வழியாகவும் ஆக்சிஜன் மெல்ல மெல்லக் கசிந்துகொண்டுதான் இருக்கிறது. பாட்டில் ஒயினை வருஷக்கணக்கில் வைக்கலாம். பெட்டி ஒயினுக்கு மாதக்கணக்குதான் ஆயுள்.

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஆஸ்திரேலிய இளைஞர்கள் அந்த வெள்ளிப் பையை உருவியெடுத்து 'கூன் பேக்' என்று செல்லப்பெயர் வைத்துத் துணி காயும் கம்பத்தில் தொங்கவிட்டு விளையாடினார்கள். நாட்டின் நடுவே, வடக்குப் பிரதேசத்தில், அதே பை விளையாட்டாக இல்லை. நாலு லிட்டர் பெட்டிதான் இருப்பதிலேயே மலிவான போதை. தெனன்ட் க்ரீக் ஊரில் 1990களில் பழங்குடி அமைப்புகளே முன்னின்று பெரிய பெட்டிகளின் விற்பனையைக் கட்டுப்படுத்தப் போராடின. ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் 2002-இல் சோதனை முறையில் இரண்டு லிட்டருக்கு மேற்பட்ட பெட்டிகளை நிறுத்தினார்கள். குடித்தவர்கள் இரண்டு லிட்டர் பெட்டியில் வந்த, இன்னும் காட்டமான போர்ட் ஒயினுக்கு மாறிக்கொண்டார்கள். காற்றைத் தடுக்க ஒரு வாய் செய்துவிடலாம். மனுஷனைத் தடுக்க அப்படி ஒன்றைச் செய்ய முடியவில்லை.

*

ஒயினில் காற்று நுழைந்தால் புளிக்கும். ரத்தத்தில் நுழைந்தால் ஆள் சாகலாம்.

இரண்டாம் உலகப்போர் முழுக்க ரத்தம் கண்ணாடி பாட்டிலில்தான் போனது. ரப்பர் அடைப்பான், உள்ளே போக ஒரு ஊசி, வெளியே வர ஒரு ஊசி. அவசரமாக ஏற்ற வேண்டும் என்றால் பாட்டிலுக்குள் காற்றை அழுத்துவார்கள். ரத்தம் தீர்ந்ததைக் கவனிக்காமல் விட்டால், அடுத்து நரம்புக்குள் போவது காற்று. நம்முடைய 'காத்து ஏறிடுமோ' என்ற பயம் மூடநம்பிக்கை இல்லை, அந்தக் காலத்தின் மிச்சம்.

1950-இல் போஸ்டனில் கார்ல் வால்ட்டர் என்ற அறுவை மருத்துவரும், பொறியியலும் படித்த இளம் டாக்டர் வில்லியம் மர்ஃபி ஜூனியரும் பிளாஸ்டிக் ரத்தப் பையை உருவாக்கினார்கள். கொரியப் போரில் அமெரிக்க ராணுவத்துக்கு ஆலோசகராக இருந்த மர்ஃபி அதைக் களத்திலேயே பயன்படுத்திக் காட்டினார். உடையாது, சுருங்கும், பையை அமுக்கினாலே ரத்தம் வேகமாகப் போகும், காற்று தேவையில்லை.

இவர்கள் எடுத்த முக்கியமான முடிவு வாயைப் பற்றியது. ஒயின் பெட்டிக்குத் திறந்து மூடுகிற வாய் வேணும். ரத்தத்துக்கு அது கூடாது. ரத்தப் பையின் வாய் ஒரே ஒரு முறைதான் திறக்கும். உள்ளே ஒரு மெல்லிய சவ்வு, வெளியே பிய்த்தெடுக்கும் உறை. ஏற்றும் குழாயின் கூர்முனை அந்தச் சவ்வைக் கிழித்துக்கொண்டு நுழையும். பிறகு அதை மூட முடியாது. 4 மணி நேரத்துக்குள் ஏற்றி முடித்துவிட வேண்டும். கொடையாளியின் கையிலிருந்து வரும் குழாயோ பையோடு பிறந்தது, தனியாக மாட்டுவது கிடையாது. ரத்தம் நிறைந்ததும் குழாயைச் சூட்டில் உருக்கி அடைத்துவிடுவார்கள். இரண்டு மூன்று பைகளை ஒரே குழாயால் இணைத்துவிட்டால், வாயையே திறக்காமல் பிளாஸ்மாவை ஒரு பைக்கும் சிவப்பணுக்களை இன்னொரு பைக்கும் பிரிக்கலாம். ஒரே கொடை இரண்டு மூன்று பேருக்குப் போகிறது என்று ரத்ததான முகாம்களில் சொல்கிறார்களே, அதைச் சாத்தியமாக்கியது இந்த ஏற்பாடுதான்.

வாயைத் திறந்து மூடினால் என்ன ஆகும் என்பதற்கு 1970-71-இல் அமெரிக்காவில் நடந்தது ஒரு பாடம். நரம்பில் ஏற்றும் திரவ பாட்டில்களுக்குப் புதுவகைத் திருகுமூடி போட்டிருந்தார்கள். மூடியின் உட்பக்க உறைக்கும் மூடிக்கும் நடுவில் கிருமிகள் குடியேறிவிட்டன. ஒரு முறை திருகித் திறந்து மறுபடி மூடினால் போதும், அவை திரவத்துக்குள் இறங்கிவிடும். 25 மருத்துவமனைகளில் 378 பேரின் ரத்தத்தில் தொற்று. திரவத்தில் தப்பில்லை, பாட்டிலில் தப்பில்லை. வாயில்தான் தப்பு.

நம் நாட்டில் கண்ணாடி பாட்டில்கள் ரொம்ப நாள் நீடித்தன. வெளிநாட்டுப் பை விலை அதிகம். 1980களில் திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் ரத்தப் பையை உள்நாட்டிலேயே செய்யும் தொழில்நுட்பத்தை உருவாக்கியது. ஐ.ஏ.எஸ். வேலையை விட்டுவிட்டு வந்த சி. பாலகோபால் அதே ஊரில் பெனின்சுலா பாலிமர்ஸ் என்று ஒரு கம்பெனி தொடங்கிப் பைகளைத் தயாரித்தார். இன்று நம் ஊர் மருத்துவமனைகளில் ரத்தப் பை ஒரு சாதாரணப் பொருள், யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. மாட்டோடு நடந்து கிழவனான ஒருவர் அகால நேரத்தில் பார்த்தால்தான் உண்டு.

*

மூன்றரை மணிவாக்கில் பை சப்பையாகிவிட்டது. இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் சிவப்பு. நர்ஸ் வந்து குழாயில் இருந்த உருளையை நகர்த்தி அடைத்தார்.

அப்பாரு கேட்டார், "இது யாரு ரத்தமுங்க?"

நர்ஸ் பையில் ஒட்டியிருந்த சீட்டைத் திருப்பிப் பார்த்தார். "ஓ பாசிட்டிவ் தாத்தா. பேரெல்லாம் போட மாட்டாங்க. நம்பர்தான்."

அவர் போனபின் அப்பாரு ரொம்ப நேரம் பேசவில்லை. தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன்.

"எங்க கவலைக்கு வாலு தெச்சவரு பேரு எனக்குத் தெரியும் கண்ணு. வருசா வருசம் வருவாரு. நாள் பூரா வெயில்ல கெணத்தடியில குக்கியிருந்து தெப்பாரு. தண்ணி வேணும்னா கூப்புடுவாரு. நான் மேல நின்னுக்கிட்டு கையில ஊத்துவேன், அவரு குனிஞ்சு குடிப்பாரு. எனக்குப் பதினஞ்சு வயசு. அவருக்கு எங்கய்யன் வயசு."

"நீங்க ஒண்ணும் சொல்லலையா அப்பாரு?"

"என்ன சொல்றது? அப்பத் தோணுல."

பேரையும் சொன்னார். இங்கே எழுதவில்லை. அவருடைய பேரப்பிள்ளைகள் அந்த ஊரில்தான் இருக்கிறார்கள், எழுதலாமா என்று அவர்களிடம் நான் கேட்கவில்லை.

நர்ஸ் திரும்பி வந்து பையைக் கழற்றி மஞ்சள் கவரில் போட்டுக் கட்டிக்கொண்டு போனார். அப்பாரு ஸ்டாண்டின் காலிக் கொக்கியைப் பார்த்தபடி படுத்திருந்தார்.